இந்த முகவரிக்கு யார் பொறுப்பு?

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் ஒரு பழைய வீட்டின் வாசல் சுவரை நின்று படித்துப் பார்க்கலாம். நிலைக்கு மேலே துருப்பிடித்த தகட்டில் ஓர் எண். அதற்குக் கீழே பெயின்ட்டில் ‘பு. எண்’ என்று போட்டு இன்னோர் எண். ஓரமாக, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது எழுதிப் பாதி உதிர்ந்துபோன ஒன்று. மீட்டர் பெட்டியின் மேல் மின் இணைப்பு எண். கதவுக்குப் பக்கத்தில் சாக்பீஸ் கிறுக்கல்: கொசு ஒழிப்புப் பணியாளர் வந்துபோன தேதி, போலியோ சொட்டு மருந்து கொடுத்தவர்கள் போட்ட குறி. அரசின் எத்தனை துறைகள் அந்த வாசலுக்கு வந்து போயின என்பதைச் சுவரே சொல்லிவிடும். ஒரு துறை எழுதியதை அடுத்த துறை படித்ததாக மட்டும் தெரியாது.

உள்ளே பீரோவைத் திறந்தால் இன்னும் சில எண்கள். சொத்துவரி ரசீதில் மண்டலம், வார்டு, பில் என்று கோத்த ஒரு நீளமான எண். குடிநீர் வாரியத்துக்கு வேறொன்று. கிரயப் பத்திரத்தில் கதவு எண்ணோடு சர்வே எண், உட்பிரிவு. எல்லாம் அந்த ஒரே வீட்டைத்தான் குறிக்கின்றன. ஆனால் ஓர் எண்ணைச் சொல்லி மற்றதைக் கேட்டால் பதில் தர ஒரு பொது இடம் கிடையாது. வீட்டுக்காரரே அந்தப் பொது இடம். அவர்தான் ஜெராக்ஸ் கட்டோடு ஒவ்வொரு கவுன்டராக ஏறி இறங்கி, இந்த எண்ணும் அந்த எண்ணும் ஒன்று என்று நிரூபித்துக்கொண்டிருக்கிறார்.

யாரும் வேண்டுமென்று செய்ததல்ல இது. பாகப்பிரிவினையில் 14 என்பது 14ஏ ஆகும். அதுவும் பிரிந்து 14/1, 14/2 ஆகும். காலி மனையில் அடுக்குமாடி எழும்பும். ஒரு கட்டத்தில் வரிசை குலைந்துபோக, மாநகராட்சி தெருவுக்கே புது எண் போடும். அப்போதும் பழைய எண் சாவதில்லை. பத்திரத்தில் அது இருக்கிறது, வங்கியில் இருக்கிறது, தபால்காரரின் மனதில் இருக்கிறது. ஆகவே கல்யாணப் பத்திரிகையில்கூட ‘பழைய எண் 14, புதிய எண் 27’ என்று அச்சடிக்கும் வழக்கம் சென்னைக்கு வந்தது. வெளியூர்க்காரர்கள் இதைக் கேலி செய்வார்கள். தகவல் மேலாண்மையில் அனுபவம் உள்ள ஒருவர் பார்த்தால் கேலி செய்ய மாட்டார். மாறிய எண்ணோடு மாறுவதற்கு முந்தைய எண்ணையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும் என்பது அந்தத் துறையின் பாலபாடம். அலுவலகங்கள் செய்யத் தவறியதைச் சென்னைவாசிகள் கைப்படச் செய்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

எண்களின் கதி இப்படி என்றால் பெயர்களின் கதி இன்னும் வேடிக்கை. 1970-களின் இறுதியில் தெருப்பெயர்களிலிருந்து சாதியை நீக்கும் நடவடிக்கையில் டாக்டர் டி.எம். நாயர் பெயரிலான சாலை வெறும் ‘டாக்டர் சாலை’யாக நின்ற கதையைச் சென்னைவாசிகள் இன்றும் சொல்வார்கள். 2025 அக்டோபரில் தமிழக அரசு மறுபடியும் அதே நோக்கத்தோடு, இம்முறை குடியிருப்புகள், தெருக்கள், சாலைகள், நீர்நிலைகள் எல்லாவற்றுக்குமாக ஆணை பிறப்பித்தது. நோக்கம் நியாயமானது. கேள்வி வேறு: பெயர் மாறிய மறுநாள் அதை ஆதாருக்கு, வங்கிக்கு, எரிவாயு ஏஜென்சிக்கு, வாக்காளர் பட்டியலுக்குச் சொல்வது யார்? அண்ணா சாலை என்று எழுதிவிட்டு மவுண்ட் ரோடு என்று சொல்லும் ஊரில் விடை எல்லோருக்கும் தெரியும். 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்து 42 உள்ளாட்சிகளை விழுங்கியபோது, ஒவ்வொன்றிலும் இருந்த காந்தி தெருவும் பிள்ளையார் கோயில் தெருவும் கூடவே வந்து சேர்ந்தன. ஒரே மாநகராட்சிக்குள் ஒரே பெயரில் எத்தனையோ தெருக்கள்.

இதன் சுமை அதிகமாக விழுவது வாடகைக்குக் குடியிருப்பவர் மேல். வேளச்சேரியிலிருந்து தாம்பரத்துக்கு வீடு மாறும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆதார், ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8, எரிவாயு இணைப்பு, வங்கிகள், காப்பீடு, ஓட்டுநர் உரிமம், வண்டியின் ஆர்.சி., பிள்ளையின் பள்ளி. ஒவ்வோர் இடத்திலும் தனி விண்ணப்பம், தனி அட்ரஸ் புரூஃப். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, ஆவணத்தில் புது முகவரி இல்லாதவர் இரண்டு மாதத்துக்கு மேற்படாத மின் கட்டண ரசீதையோ குடிநீர் ரசீதையோ காட்டலாம். மூன்று மாதத்துக்குள் முறையான ஆவணத்தைத் தர வேண்டும். காகிதத்தில் இது தாராளமான விதி. ஆனால் தமிழ்நாட்டு வாடகை வீடுகளில் மின் ரசீது வீட்டுக்காரர் பெயரில் வரும். சில வீடுகளில் காலமான அவருடைய அப்பா பெயரில் வரும்! குடிவந்தவர் வாடகை ஒப்பந்தத்தை நீட்டுவார். அதில் முகவரியின் எழுத்துக்கூட்டல் மின் ரசீதில் இருப்பதுபோல் இருக்காது. திருப்பி அனுப்புவார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு விலை உண்டு. எம்ஐடி ஊடக ஆய்வகத்தோடு தொடர்புள்ள ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஒரு மதிப்பீடு, இந்தியாவில் முகவரிகள் தெளிவில்லாமல் இருப்பதால் ஆண்டுக்கு 1,000 முதல் 1,400 கோடி டாலர் வரை இழப்பு என்றது. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய அரை சதவீதம். தோராயக் கணக்குதான், அதை நிலைநிறுத்த இன்னும் நிறைய வேலை வேண்டும். ஆனாலும் மதியம் இரண்டு மணி வெயிலில் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு ‘லேண்ட்மார்க் சொல்லுங்க சார்’ என்று போன் போடும் டெலிவரி ஊழியரைப் பார்த்தவர்களுக்குக் கணக்கின் திசையில் சந்தேகம் இருக்காது. அவருக்குப் பத்து நிமிடம் வீணாகும். 108 ஆம்புலன்ஸுக்கு அதே பத்து நிமிடம் என்றால் கணக்கே வேறு.

இந்தியா இந்த விஷயத்தில் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்தது. ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகளில் கையெழுத்து என்று திணறிய அஞ்சல் துறைக்கு ஆறு இலக்கத்தில் ஒரு தீர்வு. அதை வடிவமைத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். தகவல் தொடர்பு அமைச்சக அதிகாரி, சமஸ்கிருதக் கவிஞரும்கூட. முதல் இலக்கம் மண்டலம், முதல் மூன்றும் சேர்ந்தால் தபால் பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் அஞ்சலகம். 600004 என்றால் எந்த மொழியில் எழுதினாலும் மயிலாப்பூர். பின்கோடு பட்டியலை அரசு பொதுவில் வைத்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வங்கியும் கூரியர் கம்பெனியும் இணைய வணிகமும் அதை எடுத்துக்கொண்டதால்தான் தபால் துறையின் உள்வேலைக்கென்று பிறந்த ஓர் எண் நாட்டுக்கே பொதுமொழி ஆனது. ஆனால் நாடு முழுவதற்கும் இருப்பது சுமார் 19,000 பின்கோடுகள். ஒரு பின்கோட்டுக்குள் ஆயிரக்கணக்கான வீடுகள். தபால்காரர் கையில் பையை ஒப்படைத்ததும் எண்ணின் வேலை முடிந்துவிடுகிறது. மீதியை அவருடைய ஞாபகசக்தி பார்த்துக்கொள்கிறது.

வீடுவரை இறங்கும் முகவரிப் பட்டியலை உருவாக்கிய நாடுகள் இருக்கின்றன. அவை அதை எப்படிப் பகிர்ந்துகொண்டன என்பதில்தான் பாடம் இருக்கிறது. பிரிட்டனின் பாடம் எச்சரிக்கை வகையைச் சேர்ந்தது.

பிரிட்டனில் ஒரு புது வீட்டுக்குத் தெருப்பெயரும் எண்ணும் தருவது உள்ளாட்சி மன்றம். அதற்கு அஞ்சல் குறியீடு ஒட்டித் தன் கோப்பில் சேர்ப்பது ராயல் மெயில். மூன்று கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் உள்ள அந்த அஞ்சல் முகவரிக் கோப்பைப் பயன்படுத்தக் கட்டணம் உண்டு. அதாவது உள்ளாட்சிகள் மக்கள் வரிப்பணத்தில் உண்டாக்கிக் கொடுத்த தகவல், உரிமக் கட்டணத்தோடு திரும்பி வருகிறது. 2013 அக்டோபரில் ராயல் மெயில் தனியாருக்கு விற்கப்பட்டபோது கோப்பும் கூடவே போனது. எதிர்ப்பு இருந்தது. விற்ற சில மாதங்களில், 2014 மார்ச்சில், நாடாளுமன்றத்தின் பொது நிர்வாகக் குழு அந்தக் கோப்பை விற்றது தவறு என்றே அறிக்கை தந்தது. போனது போனதுதான். 2025-ல் ராயல் மெயிலின் தாய் நிறுவனம் செக் நாட்டுத் தொழிலதிபர் டேனியல் கிரெட்டின்ஸ்கியின் கைக்குச் சென்றது. ஒரு நாட்டின் வீட்டு முகவரிப் பட்டியல் கைமாறிக் கைமாறிப் போகும் சொத்தாக இருப்பது விநோதமான நிலைதான்.

அந்த ஒரு பட்டியலோடும் கதை முடியவில்லை. 2011 கணக்கெடுப்புக்கு வீட்டு வாரியாகப் படிவம் அனுப்ப வேண்டிய தேசியப் புள்ளியியல் அலுவலகத்துக்கு எந்தப் பட்டியலும் தனியாகப் போதவில்லை. அஞ்சல் கோப்பில் கடிதம் போகாத இடங்கள் விடுபட்டிருந்தன. உள்ளாட்சிகளின் பட்டியல் வேறு மாதிரி. நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பட்டியல் இன்னொரு மாதிரி. மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திக் கணக்கெடுப்புக்கென்றே ஒரு பட்டியலைக் கட்டினார்கள். அந்த அனுபவத்தை ஒட்டி, ஆர்ட்னன்ஸ் சர்வேயும் உள்ளாட்சிகளின் சங்கமும் கூட்டாக ஜியோபிளேஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கின. ஒவ்வொரு கட்டடத்துக்கும் குடியிருப்புக்கும் 12 இலக்கம் வரையிலான ஓர் அடையாள எண். தெருப்பெயர் மாறினாலும் கடை வீடானாலும் எண் மாறாது. 2020 ஜூலையில் அந்த எண்களை அவற்றின் இருப்பிடத்தோடு இலவசமாகத் திறந்துவிட்டார்கள். எண்ணும் இருப்பிடமும் இலவசம். எண்ணுக்கு உரிய முகவரி வரிகள் மட்டும் இன்னும் உரிமத்துக்குள். பூட்டைக் கொடுத்துச் சாவியை வைத்துக்கொண்ட கணக்கு.

டென்மார்க் இதற்கு நேர் எதிரான பாதையில் போனது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அங்கே முகவரியை நிர்ணயிப்பது நகராட்சி. அது சட்டப்படியான கடமை. தெரு, கட்டட எண்ணோடு நிற்காமல், மாடி, கதவு என்று கடைசிவரை போகும். மூன்றாம் மாடியில் இடது கதவா வலது கதவா என்பதற்குக்கூட நாடு முழுவதும் ஒரே சுருக்கக் குறி. இதெல்லாம் தேசிய முகவரிப் பதிவேட்டில் ஏறும். 2002-ல் மத்திய அரசும் நகராட்சிகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: இனி இந்தத் தகவலுக்கு விலை கிடையாது, பிரதி எடுத்துத் தரும் செலவு மட்டும். இழக்கும் வருமானத்துக்கு நகராட்சிகளுக்கு ஈடும் பேசிக்கொண்டார்கள். இந்தக் கடைசி வரியில்தான் சூட்சுமம் இருக்கிறது. வருமானம் போகிறது என்று முனகும் துறையை வைத்துக்கொண்டு எந்தத் தகவலையும் திறக்க முடியாது.

பலனையும் அவர்கள் கணக்குப் பார்த்தார்கள். 2010-ல் வந்த ஆய்வின்படி, 2005 முதல் 2009 வரை நேரடிப் பலன் ஏறக்குறைய 6.2 கோடி யூரோ. அதற்கு ஆன செலவு சுமார் 20 லட்சம் யூரோ. பெரும்பகுதி லாபம் தனியார் துறைக்கு. அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, அதுதான் எதிர்பார்த்ததும். இந்த அனுபவம் தந்த துணிச்சலில் 2012-ல் முகவரி, கட்டடம், நிலவரைபடம், நிறுவனப் பதிவு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பிணைக்கும் ‘அடிப்படைத் தரவு’ திட்டத்துக்குப் போனார்கள். அதன் விதி எளிமையானது: ஒரு தகவல் ஓரிடத்தில் மட்டும் பதியப்படும், மற்ற துறைகள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும், தனியாகப் பட்டியல் வைத்துக்கொள்ளக் கூடாது.

ஆள் வீடு மாறினால்? டென்மார்க்கில் 1968 முதல் குடிமக்கள் பதிவேடு இருக்கிறது. குடிபெயர்ந்த ஐந்து நாட்களுக்குள் நகராட்சியில் பதிய வேண்டும். அதோடு வரித்துறைக்கும் மற்ற அரசு அலுவலகங்களுக்கும் தகவல் தானே போய்ச்சேர்கிறது. வேளச்சேரிக் குடும்பம் பத்து இடத்தில் செய்யும் வேலை அங்கே ஓர் இடத்தில் முடிகிறது. இதில் ஒரு முரண்நகையும் உண்டு. அந்நாட்டின் அஞ்சல் நிறுவனம் 2025 இறுதியோடு கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திவிட்டது. நானூறு ஆண்டு வழக்கம் முடிந்தது. கடிதம் நின்ற பிறகும் முகவரிப் பதிவேட்டின் மதிப்பு குறையவில்லை. முகவரி என்பது தபால் துறையின் சமாசாரம் என்ற எண்ணம் எவ்வளவு பழையதாகிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நெதர்லாந்திடமிருந்து எடுத்துக்கொள்ள ஒரே ஒரு விஷயம் உண்டு, ஆனால் அது எல்லாவற்றிலும் பெரியது. 2009-ல் அமலுக்கு வந்த முகவரி, கட்டடப் பதிவேட்டுச் சட்டம் அரசு அலுவலகங்கள் அந்தப் பதிவேட்டையே பயன்படுத்த வேண்டும் என்றதோடு நிற்கவில்லை. பயன்படுத்தும்போது ஒரு முகவரி தவறென்று சந்தேகம் வந்தால் அதைத் திருப்பித் தெரிவிப்பதும் கடமை என்றது. தெரிவித்ததும் நகராட்சி விசாரித்தாக வேண்டும். பட்டியலின் தவறு முதலில் தெரிவது அதை எழுதியவருக்கு அல்ல. அதை நம்பி வாசலுக்குப் போய் நின்றவருக்கு. அவர் சொல்ல ஒரு வழியும், கேட்க ஒரு காதும் இல்லாவிட்டால் எவ்வளவு செலவழித்துக் கட்டிய பதிவேடும் சில ஆண்டுகளில் பழங்காகிதம். நம் ஊரில் தபால்காரரும் மீட்டர் ரீடிங் எடுப்பவரும் வாக்குச்சாவடி அலுவலரும் நாள்தோறும் நூற்றுக்கணக்கான முகவரித் தவறுகளைக் கண்ணால் பார்க்கிறார்கள். தங்கள் நோட்டில் திருத்திக்கொள்கிறார்கள். நோட்டை விட்டு அது வெளியே போவதில்லை.

பிரான்ஸ் 2015-ல் அஞ்சல் துறை, நிலவரைபட நிறுவனம், திறந்த வரைபடத் தன்னார்வலர்கள் ஆகியோரை ஒரே மேசையில் உட்கார வைத்துத் தேசிய முகவரித் தொகுப்பைத் தொடங்கியது. 2020-ல் முழு இலவசம். 2022 சட்டம் சின்னஞ்சிறு ஊராட்சியும் தன் தெருக்களுக்குப் பெயரிட்டு, வீடுகளுக்கு எண் தந்து, அதைத் தேசியத் தொகுப்பில் சேர்க்க வேண்டும் என்றது. அதற்குமுன் 2,000 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்களுக்குத்தான் அந்தக் கட்டாயம். ஆஸ்திரேலியா 2016-ல் மாநிலங்கள் தரும் தகவலைத் தொகுத்த தன் தேசிய முகவரிக் கோப்பைத் திறந்துவிட்டது. தென்கொரியா வேறு சோதனையில் இறங்கியது: மனை எண்ணை வைத்து எழுதிய முகவரிகளை விட்டுவிட்டு 2014 முதல் சாலைப்பெயர் முகவரிக்கு நாட்டையே மாற்றியது. மக்கள் நெடுநாள் பழசையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். சென்னைக்காரர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

அமெரிக்காவின் அணுகுமுறையை இங்கே சேர்த்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அது இரண்டு பிரச்சினைகளைப் பிரித்துக் காட்டுகிறது. வீடு மாறுபவர் அஞ்சல் துறையிடம் சொல்லிவைக்கிறார். அந்த முகவரி மாற்றங்கள் 48 மாதம்வரை ஒரு தொகுப்பில் இருக்கும். மொத்தமாகக் கடிதம் அனுப்பிக் கட்டணச் சலுகை பெறும் நிறுவனங்கள், அனுப்புவதற்கு முந்தைய 95 நாட்களுக்குள் தங்கள் பட்டியலை இப்படிச் சரிபார்த்திருக்க வேண்டும். இது யார் எங்கே இருக்கிறார் என்ற பட்டியல். பிரிட்டனும் டென்மார்க்கும் கட்டியது எந்தெந்த இடங்கள் இருக்கின்றன என்ற பட்டியல். முதலாவது அந்தரங்கம், இரண்டாவது பொதுச்சொத்து. இவை இரண்டையும் போட்டுக் குழப்பினால் ஒன்றும் நடக்காது: பொதுவில் வைக்க வேண்டியதை அந்தரங்கம் என்று பூட்டிவைப்போம்; பூட்டிவைக்க வேண்டியதைக் கூரியர் பொட்டலத்தின் மேல் ஒட்டி ஊர் முழுக்க அனுப்புவோம்.

இந்தியாவில் இப்போது நடப்பது அந்தக் குழப்பம்தான். இடங்களின் பட்டியல் என்று ஒன்று இல்லாததால் ஆட்களின் பட்டியலே அதற்குப் பதிலாக நிற்கிறது. ஆதாரில் ஒருவர் முகவரி சொல்கிறார், ஆவணம் காட்டுகிறார், அது ஏறுகிறது. அடுத்த வீட்டுக்காரர் அதே தெருவை வேறு எழுத்துக்கூட்டலில் சொல்கிறார், அதுவும் ஏறுகிறது. ஒரே தெரு எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்ல அடிப்படைப் பட்டியல் எதுவும் இல்லை. வங்கித் துறைக்கு மட்டும் ஒரு சிறு விடிவு உண்டு. 2016 முதல் இயங்கும் மத்திய கேஒய்சி பதிவேட்டில் ஒரு நிறுவனம் வாடிக்கையாளர் விவரத்தைப் புதுப்பித்தால், அவரோடு தொடர்புள்ள மற்ற நிதி நிறுவனங்களுக்கும் தகவல் போக வேண்டும் என்பது விதி. கைமாற்றிக்கொள்ளும் குழாய் இருக்கிறது. அதில் ஓடும் முகவரி சரியா என்று உரசிப்பார்க்கத்தான் கல் இல்லை.

2025 மே மாதம் அஞ்சல் துறை டிஜிபின் என்ற குறியீட்டை அறிமுகப்படுத்தியது. ஐஐடி ஹைதராபாதும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து உருவாக்கியது. இந்தியா முழுவதையும் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 10 எழுத்தில் ஒரு பெயர். அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து கணக்குப் போட்டு வருவதால் பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, இணையம் இல்லாமலும் கண்டுபிடிக்கலாம், செய்முறையையும் திறந்தே வைத்திருக்கிறார்கள். வயல் நடுவில் மயங்கி விழுந்தவருக்கு ஆம்புலன்ஸ் அழைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் இதை முகவரி என்று சொல்லிவிட முடியாது. சென்னையில் ஒரு கிரவுண்டு மனை என்பது 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். டிஜிபின் கணக்கில் அதற்குள் பதினான்கு கட்டம் வரும். எந்தக் கட்டம் அந்த வீட்டின் முகவரி? வாசற்படியா, கார் நிற்கும் இடமா? இன்னொரு பக்கம், அதே மனையில் நான்கு மாடி கட்டி எட்டுக் குடும்பம் இருந்தால், மேலும் கீழுமாக உள்ளவர்களுக்கு ஒரே குறியீடு. ஓர் இடம் எங்கே என்று டிஜிபின் சொல்லும். அங்கே வீடு இருக்கிறதா, இடிந்துவிட்டதா, இரண்டாகப் பிரிந்ததா என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துவைத்திருக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சட்டப்படியான பொறுப்பு வேண்டும். 2023 அஞ்சலகச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, முகவரிக்கான தரநிலையை வகுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. வீட்டுக்கு எண் போடும் வேலையோ மாநிலச் சட்டங்களின் கீழ் உள்ளாட்சிகளிடம் இருக்கிறது. தரநிலை டெல்லியில், பெயின்ட் டப்பா வார்டு அலுவலகத்தில்.

டிஜிபின்னை ஒட்டி அஞ்சல் துறை முன்வைத்த ‘துருவா’ திட்டம் இன்னொரு பாதியைத் தொடுகிறது. யுபிஐ முகவரி போல ஒரு சுருக்கப் பெயர். அதைக் கொடுத்தால் கடைக்காரர், உரியவரின் ஒப்புதலோடு, முழு முகவரியைப் பெறுவார். வீடு மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். நல்ல யோசனை. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தன்னைப் பற்றிய தகவலைத் திருத்தக் கோரும் உரிமையைக் குடிமகனுக்குத் தருகிறது; அந்தத் தகவலை வைத்து ஒரு முடிவெடுக்கும் நிறுவனம் அது சரியாக இருப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. இரண்டும் சேர்ந்தால் வேளச்சேரிக் குடும்பத்துக்கு விடிவு உண்டு. ஒரு நிபந்தனையோடு: இது ஒப்புதல் கேட்டுக் கொடுக்கும் ஏற்பாடாகவே நிற்க வேண்டும். எல்லாத் துறையும் எல்லோருடைய வீட்டையும் எப்போதும் பார்க்கும் சாளரமாக அது மாறினால், கணவனிடமிருந்து தப்பி வேறு ஊரில் குடியிருக்கும் பெண்ணுக்கு அதைவிட ஆபத்தான ஏற்பாடு வேறில்லை.

வீட்டு எண்ணே இல்லாதவர்களின் நிலை இன்னும் மோசம். வாக்காளர் பட்டியலில் பலருக்கு வீட்டு எண் ‘0’ என்று இருப்பது 2025 ஆகஸ்டில் பெரிய அரசியல் சர்ச்சையானது. உள்ளாட்சி எண் தராத வீடுகள் நாட்டில் ஏராளம், அங்கே பூஜ்யம் போடுவது வழக்கம் என்று தேர்தல் ஆணையம் விளக்கம் தந்தது. அரசியல் சண்டையில் யார் பக்கம் நின்றாலும், அந்த விளக்கத்துக்குள் ஒரு பெரிய ஒப்புதல் வாக்குமூலம் இருப்பதைக் கவனிக்காமல் போகக் கூடாது: ஒரு குடிமகனின் வீட்டுக்கு எண் இல்லை என்பது அதற்கு எண் தர வேண்டிய அமைப்புக்கு உறுத்தவே இல்லை. புறம்போக்கில் எண் கொடுத்தால் பட்டா கேட்பார்கள் என்ற பயம் அலுவலகங்களுக்கு எப்போதும் உண்டு. எண் தருவது உரிமை தருவது ஆகாது என்று சட்டத்தில் ஒரு வரி எழுதினால் தீரும் பயம் அது. கொல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் ஓர் அயர்லாந்துத் தொண்டு நிறுவனம் வீடுவீடாகக் குறியீட்டுத் தகடு மாட்டியபோது, அது முகவரியாகத்தான் பயன்பட்டது.

ஆக, ஒரு மாநகராட்சி நாளைக் காலையே தொடங்க முடிந்த வேலைகள் இருக்கின்றன. கட்டட அனுமதி தரும்போதே ஒவ்வொரு கட்டடத்துக்கும், அதன் ஒவ்வொரு குடியிருப்புக்கும் மாறாத அடையாள எண் ஒன்றைக் கொடுத்துவிடுவது. சொத்துவரி, மின்சாரம், குடிநீர் மூன்றின் எண்களையும் அதோடு இணைப்பது. இவை மூன்றும் ஏற்கெனவே கணினியில்தான் இருக்கின்றன. பழைய எண்ணையும் பழைய தெருப்பெயரையும் அழிக்காமல், எந்தத் தேதிவரை செல்லும் என்ற குறிப்போடு வைத்திருப்பது. தெருப்பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் வெளியிடுவது. இது மட்டும் நடந்தாலே வங்கிக் கவுன்டர்களில் பாதிச் சண்டை குறையும். வாசலுக்குப் போகும் யாரும் தவறைத் தெரிவிக்க ஒரு வழி, தெரிவித்ததைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் முடிக்க ஓர் அலுவலர். பட்டியலில் குடியிருப்பவர் பெயர் எதுவும் வேண்டாம். பெயர் இல்லாவிட்டால் அதைத் தாராளமாகத் திறந்துவிடலாம்.

இதற்கெல்லாம் வீடுவீடாகப் போக வேண்டுமே என்று கேட்கலாம். போகப்போகிறார்கள். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதல் கட்டமான வீட்டுப் பட்டியல் தயாரிப்புக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலம் ஒதுக்கியிருக்கிறார்கள். முதல்முறையாகக் கைபேசி வழியே நடப்பது. கட்டடங்களின் இருப்பிடத்தையும் பதியப்போவதாக அறிவிப்பு. நாட்டின் எல்லாக் கட்டடங்களுக்கும் ஒரே சமயத்தில், ஒரே முறையில் எடுத்த இருப்பிடப் பதிவு வேறு எந்தத் துறையிடமும் கிடையாது. 1948 மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கணக்கெடுப்புப் பதிவுகளை யாரும் பார்வையிட முடியாதபடி காக்கிறது. மக்கள் சொன்ன விவரங்களுக்கு அந்தக் காவல் அவசியம், அதைத் தளர்த்தக் கூடாது. ஆனால் ஒரு தெருவில் இத்தனை கட்டடங்கள், அவை இன்ன இன்ன இடத்தில் நிற்கின்றன என்பது யாருடைய ரகசியமும் அல்ல. அதை மட்டும் பிரித்தெடுத்து உள்ளாட்சிகளிடம் ஒப்படைப்பதா, அல்லது 2011-ல் சுவரில் எழுதிய எண்ணைப் போலவே வேலை முடிந்ததும் கைவிடுவதா என்பதைப் பதிவாளர் நாயகம் அலுவலகமும் மாநிலங்களும் பேசி முடிவெடுக்க வேண்டும். கணக்கெடுப்பாளர்கள் கிளம்பிய பிறகு அல்ல, அவர்களுடைய செயலியில் என்னென்ன புலங்கள் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும்போதே.